காலங்காலமாக

பெங்களூர் குடும்ப நீதிமன்றத்தில் மின்விசிறி கடகடவென்று சுழல்கிறது. அந்தச் சத்தத்தில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று அமுலு பெஞ்சின் நுனிக்கு நகர்கிறாள். பக்கத்தில் பால்ராஜின் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. தங்கவயலில் ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டி, தாலியைத் திருப்பிக் கொடுத்து, முதல் புருஷனை அத்துவிட்ட பிறகுதான் அவள் பால்ராஜைக் கட்டினாள். அது செல்லாது, அவள் இன்னும் என் மனைவிதான் என்று முதல் புருஷன் இப்போது வழக்குப் போட்டிருக்கிறான். "சாதியில காலங்காலமா இருக்கற வழக்கம்னு நிரூபிச்சாதான் கோர்ட்டு ஒத்துக்கும்மா," என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். சாட்சிக் கூண்டில் நிற்பவர் அன்று தீர்ப்புச் சொன்ன நாட்டாமை ராமலிங்கம். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் இருமுகிறார். அத்துவிடும் வழக்கம் தாத்தா காலத்திலிருந்தே உண்டு என்கிறார். அமுலு மூச்சு விடுகிறாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அத்துவிடச் சொல்லி மனைவி வந்து கேட்டாலும் கொடுப்பீர்களா என்று கன்னடத்தில் கேட்கிறார். சன்னல் வெயில் ராமலிங்கத்தின் காய்ப்பேறிய விரல்களில் விழுகிறது. வெளியே டவாலி யார் பெயரையோ கூவுகிறான். "ஆம்பளைங்கதான் கேப்பாங்க சாமி," என்கிறார். பிறகு முகம் மலர்ந்து அமுலுவைக் கைகாட்டுகிறார். "பொம்பள கேட்டு நாங்க குடுத்தது இந்தப் பொண்ணுக்குத்தான் மொதமொதல்ல. அடி தாங்கலன்னு வந்து நின்னுச்சு. பழசெல்லாம் பாக்காம குடுத்துட்டோம்." வக்கீலின் பேனா நின்றுவிடுகிறது. தட்டச்சு செய்பவரின் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. நல்லதைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு ராமலிங்கம் அமுலுவைப் பார்த்துச் சிரிக்கிறார். பால்ராஜின் முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் அவள் அவரைக் கும்பிடுகிறாள்.