நேர்கோடு

ஞாயிறு காலை பதினொன்றே கால் மணிக்கு, புள்ளியியல் வகுப்பில் அவன் எழுதிய கணினி நிரல் முதல் வரைபடத்தைப் போட்டது. ஊரில் இருக்கும் அப்பாவின் ரத்த அழுத்தம், ஆறு மாதத்துக்கு. அக்கா தினமும் அனுப்பிய செய்திகளில் சொற்களை நீக்கி, எண்களை மட்டும் எடுத்திருந்தான்.

கடைசி நாற்பது நாளும் கோடு நேராக ஓடியது.

"அப்பா உடம்பு எவ்வளவு சீரா இருக்கு பாருங்க."

பக்கத்து இருக்கையில் படிக்கும் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "உங்கப்பா என்ன சிலையா? உயிருள்ள மனுஷனுக்கு தினம் ஏறி இறங்கும். இது உட்கார்ந்த இடத்துல எழுதின நம்பர்."

வெளியே வந்து அக்காவை அழைத்தான்.

"நாற்பது நாளா பொய் நம்பர் அனுப்பியிருக்கே."

"நம்பர் வரலேன்னா நீ கத்துவேன்னு பழசையே போட்டேன். பிரஷர் மிஷின் கெட்டுப்போச்சு, அப்பாவுக்கு ஒரு கை விளங்கல, வாடான்னு அதுக்குக் கீழேயே தினமும் எழுதினேனே. நீ எதைப் படிச்சே?"