பன்னிரண்டு டிகிரி

"பதினாலு! யாரு தொறந்தது இத?"

தெய்வநாயகம் போட்ட சத்தத்தில் ஒயின் ஃபிரிட்ஜின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். புதுச்சேரி வெயிலில் பன்னிரண்டு டிகிரியைக் கட்டிக் காப்பதே தன் பிறவிப் பணி என்று இருந்தார். புட்டிகளோடு கிளாஸ்களையும் உள்ளேதான் வைப்பார். வெளிக்காற்று பட்டால் அவற்றுக்குத் தீட்டு.

"காலையில பன்னெண்டு, சாயந்தரம் பாத்தா பதினாலு! தெனம் இதே கூத்து! நீ தொறந்தியா நிர்மலா?"

"அந்தக் கசப்புத் தண்ணி எனக்கு எதுக்குங்க?" என்றாள் மனைவி, கொண்டைப் பூவைச் சரிசெய்தபடி.

வீட்டு வேலை செய்யும் அன்னக்கிளி துடைப்பத்தோடு நின்றாள். "நான் தொடைக்கத்தான் சார்..."

"உள்ள உனக்கு என்னா வேலை? இன்னொரு வாட்டி கை வெச்சே, நாளையிலேர்ந்து வராத!"

கையோடு பூட்டு வாங்கி வந்து மாட்டினார். சாவி அரைஞாண் கயிற்றில் ஏறியது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் மாலை அவர் வீட்டுக் கூடத்தில் ஒயினைச் சுவைத்துப் பார்த்து, ஒயின் பிரியர் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நடுவர், பாரிசிலேயே நாற்பது வருடம் இருந்த ஜானகிராமன். போன மாதம் இதே வீட்டில் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "முசியே, இதுல மல்லிப்பூ வாசம் வருது! வேற எங்கயும் நான் இப்பிடிக் குடிச்சதில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டவர்.

"எல்லாம் அந்தப் பன்னெண்டு டிகிரி" என்று அன்றிலிருந்து தெய்வநாயகம் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

மறுநாள் மாலை ஐந்து மணி. ஜானகிராமன் கிளாஸைச் சுழற்றினார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"வெறும் ஒயின் வாசந்தான் வருது."

"அதெப்பிடி? காலையிலேர்ந்து ஒரு புள்ளி அசையல!"

"இருக்கட்டும். மல்லிப்பூ எங்க? தலைவர், நம்ம பல் டாக்டர் கோபிநாத்துதான்."

தெய்வநாயகம் சமையலறைக்குள் பாய்ந்தார். "அன்னக்கிளி! என் ஃபிரிட்ஜ என்னாடி பண்ண?"

அன்னக்கிளிக்கும் அன்று பொறுமை போயிருந்தது.

"நானா? நீங்கதான் பூட்டப் போட்டு என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்க! தெனம் காலையில கொண்டாந்து உங்க கிளாசுங்களுக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சி, சாயந்தரம் எடுத்துட்டுப் போயி கோயில் வாசல்ல விப்பேன். இன்னிக்கு அத்தினியும் வாடிப் போச்சு, பாருங்க!"

பையை மேடைமேல் கவிழ்த்தாள். பத்து முழம் மல்லிகைச் சரம்.

கூடத்திலிருந்து ஜானகிராமனின் குரல் துள்ளி வந்தது: "முசியே! இதேதான்! இப்ப எந்தப் புட்டியத் தொறந்தீங்க?"