ஏழாம் லயத்துக் குரல்

"கொழும்பு விழாவுக்கு நாம போக வேணாம், மிலான்."

ஜீவராணி இப்படிச் சொன்னதும் மிலானுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

அவனுக்குக் கொட்டகலை பஜாரில் போன் திருத்தும் கடை. அவள் தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர். ஒரே வகுப்பில் படித்தவர்கள். மலைநாட்டுப் பேய்க்கதைகளைப் பொட்காஸ்டாக வெளியிட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது.

"நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே நடத்துற பொட்காஸ்ட் விழா. மேடையில மூணு நிமிஷம் தர்றாங்க. வேணாங்கிறியே!"

"வாராவாரம் ஈமெயில்ல அவங்க நியூஸ்லெட்டர் வருதுல்ல? கத்துக்க அது போதும்."

"அதத்தானே இத்தன நாளா படிச்சோம்? கேக்குறவங்க நூறு பேரத் தாண்டல. விழாவுல போட்டா நாடே கேக்கும்."

"அதான் பயமா இருக்கு. எதப் போடப் போற?"

"ஏழாம் லயத்துல பதிஞ்சத."

ஜீவராணியின் முகம் வெளிறியது.

தோட்டத் தொழிலாளர் எல்லோருக்கும் புது வீடு கிடைத்தபின் பாழாய்க் கிடந்த வரிசை வீட்டு லயம் அது. கைப்பிள்ளையோடு அங்கே செத்துப்போன ஒருத்தியின் கதையை, அதே வாசலில் நின்று சொல்லிப் பதிந்திருந்தான் மிலான். வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. அவன் குரலுக்கு அடியில் இன்னொரு குரல். ஒரு பெண் மெல்லத் தாலாட்டு முனகுகிறாள்.

"அத அழிச்சிடு மிலான். செத்தவங்களோட விளையாடாத."

"நீயா பேய நம்புற? எனக்குப் பேரு வந்துடும்னு பொறாம. அதச் சொல்லு!"

அவள் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் தனியாக மேலே ஏறினான். இன்னும் தெளிவாகப் பதிந்துவிட வேண்டும். பகல் பதினொரு மணிக்கே பனிமூட்டம் லயத்தை விழுங்கியிருந்தது. காக்கா சத்தம்கூட இல்லை.

போனில் ஒலிப்பதிவைத் தொடங்கினான்.

தாலாட்டு கேட்டது.

கால் பின்வாங்கியது, ஆசை முன்னே தள்ளியது. வரிசையின் கடைசிக் காம்பராவிலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தக் கதவில் துருப்பிடித்த பூட்டு தொங்கியது!

மூச்சை அடக்கிக்கொண்டு, போனைக் கதவிடுக்கில் வைத்தான். காலடியில் ஒரு கல் உருண்டது.

தாலாட்டு பட்டென்று நின்றது.

கதவுக்கு அந்தப் பக்கம், அவன் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

உள்ளிருந்து நடுங்கும் குரல் வந்தது.

"டீச்சர், நீங்களா? பின் கதவால வாங்களேன். சத்தம் போடக் கூடாதுன்னீங்க, ஆனா பாடினாத்தான் புள்ள தூங்குது. எம் புருஷன் இன்னும் கவ்வாத்துக் கத்தியத் தூக்கிக்கிட்டு என்னயத் தேடித் திரியுறானா?"

மிலான் முதலில் போனில் இருந்த பதிவுகளை அழித்தான். பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"பயப்படாதம்மா, நான் டீச்சரோட சினேகிதன். இங்க பேயுமில்ல, ஆளுமில்லன்னு ஊருக்கே சொல்லிடுறேன்."