எதுக்கு சார்

“அந்தச் சட்டையில ஒரு பொத்தான் போயிருக்கு. வேற போட்டுக்கிட்டுப் போங்க” என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. “எதுக்கு?” என்று கேட்டுவிட்டு அவர் அதே சட்டையோடு படியிறங்கினார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உடலைத் துணி சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அவர் உடம்பில் அந்தச் சட்டைதான்.

கம்ப்யூட்டருக்கு மனிதக் குரலைச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். யாருடைய பேச்சையாவது கொஞ்ச நேரம் பதிவு செய்து கொடுத்தால் போதும். நாம் எழுதுவதை அந்தக் குரலிலேயே பேசும் புரோகிராமை எழுதித் தந்துவிடுவார். ஊரார் குரலையெல்லாம் சேர்த்து வைத்திருந்தவரிடம் மனைவியின் குரல் ஒரு வார்த்தைகூட இல்லை.

துக்கம் ஆறுவதற்குள் ஓர் அவமானம். எவனோ ஒருவன் அவருடைய புரோகிராமை வைத்துக்கொண்டு, ஒரு முதலாளியின் குரலில் அவர் கம்பெனிக்கே போன் போட்டுப் பணத்தைக் கறந்துவிட்டான். போலீஸ் இவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை நான்கூட வெளிய எடுக்க முடியாது” என்று வக்கீல் கையை விரித்தார்.

அன்று பிறந்தது ஞானம். சலவைக் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஆபீசுக்குள் யார் நுழைந்தாலும் முதல் கேள்வி, “எதுக்கு?” கீழேயிருந்த சலவைக் கடைக்காரர் அவருக்கு ‘எதுக்கு சார்’ என்றே பெயர் சூட்டிவிட்டார். உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான்.

தொண்டையில் ஆபரேஷன் ஆன ஒருவர் வந்தார். பாடம் நடத்திப் பிழைத்த வாத்தியார். குரல் அடியோடு போய்விட்டது. பழைய வகுப்புப் பதிவுகள் இருக்கின்றன, அந்தக் குரலில் மகளோடு பேச வேண்டும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

“பதிவுல இருக்கிறது உங்க குரல்தான்னு எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்சம் பேசிக் காட்டுங்க, ஒத்துப் பார்த்துடலாம்” என்றார் எதுக்கு சார்.

 வாத்தியார் சிலேட்டைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

“கழுத்துல தையல் தெரிஞ்சுதே, அண்ணே” என்றாள், கூடவே வேலை பார்த்த தங்கை.

“தையலை யார் வேணாலும் போட்டுக்கலாம்மா.”

“ஆமாமா. உங்களை ஏமாத்தணும்னே ஆசை ஆசையா தொண்டையை அறுத்துக்கிட்டு வந்திருப்பார்.”

“நீ கிண்டல் பண்ணு. கம்பி எண்ணப் போறது நீயில்ல, நான்.”

அடுத்த வாரம் ஓர் அம்மாள் வந்தாள். “எதுக்கு?” என்ற கேள்விக்குக் கண்ணீர்தான் வந்தது.

“அவர் குரலைக் கேக்காம இருக்க முடியலை சார். தினமும் மத்தியானம் வேலையிடத்துலேர்ந்து போன் பண்ணுவார். ‘சாப்பிட்டியா’ம்பார், அவ்வளவுதான். இனிமே யார் கேப்பாங்க?”

எதுக்கு சார் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். தங்கை மெதுவாகக் குனிந்து, “இவங்ககிட்ட அத்தாட்சி கேக்கலையா?” என்றாள்.

“பறிகொடுத்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். நீ வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு.”

அந்த அம்மாளுக்கு ஆசைகள் கொஞ்சம் இருந்தன. குறித்த நேரத்தில் போன் தானாக வர வேண்டும். புருஷனுடைய போனிலிருந்தே வர வேண்டும். என்ன பேச வேண்டும் என்பதைத் தானே எழுதி மாற்றிக்கொள்ள வேண்டும். எதுக்கு சார் எல்லாவற்றையும் செய்து, போனில் எப்படி ஏற்றுவது என்றும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். உயிரோட்டம் குறைகிறதே என்று இடையிடையே ஒரு செருமலையும் சேர்த்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ‘இத்தனை வருஷத் தொழிலில் நான் செய்த ஒரே புண்ணியம்’ என்று சலவைக் கடையில் நின்று சொல்லிச் சொல்லி, கேட்டவர்கள் காதெல்லாம் புளித்துப் போயிற்று.

இன்ஸ்பெக்டர் மாடியேறி வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“ஒரு சாவு விஷயமா வந்தேன். சாதாரண விசாரணைதான்.”

“அந்த சிலேட்டுக்காரன்தானே?” என்று எதுக்கு சார் முந்திக்கொண்டார். “பார்த்தவுடனே தெரியும் சார் எனக்கு. ஒரு வரிகூட எழுதிக் குடுக்கலை.” சொல்லிவிட்டுத் தங்கையை ஒரு பார்வை பார்த்தார்.

“எந்த சிலேட்டுக்காரன்? இந்தம்மாவைத் தெரியுமா?” இன்ஸ்பெக்டர் ஒரு போட்டோவை நீட்டினார்.

எதுக்கு சாரின் முகம் இளகியது. “பாவம்ங்க. புருஷனைப் பறிகொடுத்தவங்க.”

“ஆமாங்க. அந்தாளு வீட்டு மாடிப்படியில விழுந்து இறந்துட்டார். வீட்ல வேற யாரும் இல்லை. இந்தம்மா மத்தியானத்துலேர்ந்து அவரோட அண்ணன் வீட்ல இருந்திருக்காங்க. மூணு மணிக்கு அந்தாளே அண்ணனுக்கு போன் போட்டு, ‘தலைவலிக்குது, தூங்கப் போறேன், அவகிட்ட சொல்லிடுங்க’ன்னு பேசியிருக்கார். அதுக்கப்புறம்தான் விழுந்திருக்கணும். இந்தம்மா மேல சந்தேகம் ஒண்ணும் இல்லை. அவங்க போன்ல உங்க நம்பர் இருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டுட்டு கேஸை மூடிடலாம்னு வந்தேன்.”

“தாராளமா மூடுங்க சார். அந்தத் துக்கம் தாங்காமதான் என்கிட்ட வந்தாங்க. அவர் குரல்லயே போன்ல பேசற மாதிரி நான்தான் எழுதிக் குடுத்தேன்” என்றார் எதுக்கு சார், நெஞ்சை நிமிர்த்தி. “போன மாசம்.”

தங்கையின் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன. கிளம்புவதற்காக எடுத்த தொப்பியை இன்ஸ்பெக்டர் திரும்ப மேஜையில் வைத்தார்.

அந்த அம்மாளின் கணவர் மாடிப்படியில் விழுந்தது நேற்று.