ஒரு மூச்சில் அடங்காத பெயர்

கபடியில் இப்போது ‘கபடி, கபடி’ என்று பாடினால் செல்லாது. ஸ்பான்சர் பெயரைத்தான் பாட வேண்டும். மற்ற அணிகளுக்கு ‘ஜிவ்’, ‘டப்’ என்று கம்பெனிகள் கிடைத்தன. எங்களுக்கு ஆறு மாதம் அலைந்து கிடைத்தவர், ‘தாமிரபரணி முத்துவடிவு முறுக்குக்கம்பி’ முதலாளி. நாலு தடவை அதைப் பாடினால் எனக்கு ஆம்புலன்ஸ் தேவைப்படும்.

இறுதி ஆட்டத்தின் கடைசி ரெய்டு. ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை. போங்கடா என்று கோட்டிலிருந்தே ‘கபடி, கபடி’ பாடிப் போய், மூன்று பேரைத் தொட்டுத் திரும்பினேன்.

“செல்லாது” என்றது நடுவர் இயந்திரம். ஆனாலும் தொடப்பட்ட மூன்று பெண்களும் தாங்களாகவே வெளியேறினார்கள்.

முதலாளி ஓடி வந்தார். “ஏட்டி பேச்சி, பேரைச் சொன்னியாட்டி?”

“சொன்னேன் அண்ணாச்சி. ஆட்டத்தோட பேரை.”