நாலு மணிக் கப்பல்

"உப்பு சேர்க்கக் கூடாதுன்னு ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லம்மா."

"வெள்ளிக்கிழமை வாயே திறக்கக் கூடாதுன்னு?"

"அதெல்லாம் இல்லம்மா. நீயே வந்து பாரு. பார்த்துட்டு வேண்டாம்னு சொன்னா, நான் விஜயராஜை மறந்துடறேன்," என்றாள் ஹரிணி.

ஆட்டோ குட்வில் எஸ்டேட்டுக்குள் திரும்பியது. சுசீலா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டாள். புதிது புதிதாக முளைக்கிற சாமியார் சபைகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு போர்ட் பிளேயரில் வேறு யாருக்கும் தெரியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால், மெயின்லேண்டில் ஒரு வாரத் தியான முகாம் என்று கப்பலேறிய அவள் கணவர் இன்னும் திரும்பி வரவில்லை. அந்தச் சபையில் குடும்பத்துக்குப் 'பழைய சட்டை' என்று பெயர். கழற்றிப் போட்டால் போதுமாம்.

அவரைத் தேடி அலைந்ததில் மற்ற சபைகளும் அத்துப்படியாகிவிட்டன. ஒன்றில் உப்பு ஆகாது, அது ஆசையை வளர்க்கும். இன்னொன்றில் ஆளுக்கொரு நம்பர். பெற்ற பிள்ளையைக்கூட நம்பர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

இப்போது மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையனின் தெருவே ஒரு சபை என்று கேள்வி. ஹரிணியும் ஒரு மாதமாகச் சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடுகிறாள். சுசீலாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவரைப் பறிகொடுத்தது போதாதா?

விஜயராஜின் அப்பா வாசலுக்கே வந்து வரவேற்றார். சட்டைப் பையின் மேல் கொட்டை எழுத்தில் 'ராஜசேகர்' என்று ஒரு சீட்டு. பக்கத்தில் அவர் மனைவி தங்கம், நல்ல களையான முகம், அவர் தோளிலும் ஒரு சீட்டு. அடுத்த வீட்டு வங்காளிப் பெண் எட்டிப் பார்த்து, "மேரா நாம் மாலதி, பக்கத்து வீடு," என்றாள். ராஜசேகர் அவளிடம் தன் பெயரைச் சொன்னார். பத்து வருஷமாக அடுத்தடுத்த வீடாம்!

ஹரிணியும் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் குத்திக்கொண்டாள்.

"அங்க நம்பர், இங்க பேரு," என்று மகளின் காதில் முணுமுணுத்தாள் சுசீலா.

"இந்த வருஷம் ஒரு சொட்டு மழை இல்ல பாருங்க," என்றார் தங்கம். வாசலில் கணுக்கால் ஆழத்துக்கு மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. "ஆமா, ஆமா," என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சரிதான், இந்த அம்மாள்தான் குரு என்று சுசீலாவுக்குப் புரிந்துவிட்டது. எதிர்த்துப் பேசக் கூடாது என்பது எல்லாச் சபையிலும் உள்ள விதி.

நாலு மணி. வீடு வீடாகக் கதவு திறந்தது. தோல்பை, துணிப்பை, சூட்கேஸ் என்று ஆளுக்கொன்றோடு தெருவே கிளம்பியது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுசீலாவுக்குப் பழக்கமான ஜெய்னுதீன் பாயும் வந்தார்.

"பாய், நீங்களுமா?"

"ஷிப்புக்கு டைம் ஆச்சும்மா. ஜல்தி வாங்க."

எல்லோரும் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் போய் நின்றார்கள். ஒளி இறங்கி வரும் என்று வானத்தைப் பார்த்து நின்ற கூட்டத்தை சுசீலா பார்த்திருக்கிறாள். இது கப்பல் கூட்டம் போலிருக்கிறது. உலகம் அழியும்போது வந்து ஏற்றிக்கொண்டு போகும்!

ராஜசேகர் போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அறிவித்தார். "இன்னைக்கு ஷிப் கேன்சல். கடல் சரியில்லையாம். நாளைக்குத்தான்."

"நாளைக்குப் போகலாம்!" என்று அத்தனை பேரும் சந்தோஷமாகத் திரும்பினார்கள். ஷிப் கேன்சலானதற்குச் சண்டை போடாத அந்தமான்காரர்களை சுசீலா அன்றுதான் பார்த்தாள்.

அவள் மகளின் கையை இழுத்து நிறுத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "போதும் ஹரிணி, கிளம்பு. உன் அப்பாவை விட்டுட்டேன். உன்னை எந்தக் குருவுக்கும் விட மாட்டேன்."

"குருவும் இல்ல, சபையும் இல்லம்மா," என்றாள் ஹரிணி மெதுவாக. "தங்கம் அத்தைக்கு ஒரு வருஷமா ஞாபகம் போயிட்டு வருது. தினமும் நாலு மணிக்கு, ஷிப் ஏறி அம்மா வீட்டுக்குப் போறேன்னு பையைத் தூக்கிடுவாங்க. அவங்க அம்மா செத்து இருபது வருஷம். அதைச் சொன்னா, அப்பத்தான் செத்த மாதிரி அழறாங்க. ஒருநாள் தனியாவே ஹேடோ துறைமுகம் வரைக்கும் நடந்து போயிட்டாங்க. அதுலேர்ந்து தெருவே கூடக் கிளம்புது. அவங்களுக்கு மட்டும் சீட்டு குத்தினா கூச்சப்படுறாங்கன்னு எல்லாருமே குத்திக்கிட்டாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா, நீ அவங்களைப் பார்க்காம வியாதியைத்தான் பார்த்திருப்பே."

முன்னால் போன தங்கம் நின்று, சுசீலாவை ஏற இறங்கப் பார்த்தார். "வெறுங்கையோட வந்திருக்கீங்களே, உங்களுக்கு அம்மா வீட்டுக்குப் போக வேண்டாமா?"

சுசீலா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் பையோட வந்துடறேன், சம்பந்தி."