மாவுக்கடை நம்பர்

ஒவ்வொரு செய்தியையும் ஒரு மனிதராவது பார்த்திருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததும், ஒரு செய்திச் சேனல் டிசம்பர் விடுமுறையில் கல்லூரி மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. செய்தியை ஏஐ கருவி எழுதும். மாணவர் 'பார்த்தேன்' பட்டனை அழுத்துவார். மணிக்கு நானூறு அழுத்தினால்தான் சான்றிதழ்.

நான்காம் நாள் பயிற்சி மாணவி பெனிட்டாவின் விரல் ஒரு செய்தியில் நின்றது: 'கன்னியம்மன் நகரில் வெள்ளம் வடிந்தது. மக்கள் மகிழ்ச்சி.' படத்தில் ஒரு மாவுக்கடைப் பலகை, அதில் போன் நம்பர். பேசிப் பார்த்தாள்.

"வடிஞ்சிடுச்சா? யாரும்மா சொன்னது? இடுப்பளவு நிக்குது. மாடியில பதினோரு பேரு படகுக்குக் காத்திருக்கோம்" என்றார் கடைக்காரம்மா.

செய்தி நின்றுபோனதால், களச்செய்திக்காகப் பதினான்கு விருதுகள் வாங்கிய ஆசிரியர் ஞானவரதன் அறையை விட்டே வெளியே வந்துவிட்டார்.

"ஏம்மா அழுத்தல?"

"தண்ணி வடியல சார். போன் பண்ணிக் கேட்டேன். இது வெளியானா படகு போகாது."

"போனா? சான்றிதழ் வேணாமா உனக்கு?"

"படகு போகட்டும் சார், மொதல்ல."

செய்தி திருத்தப்பட்டது. படகு போனது. ஞானவரதன் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அடுத்த ஊருக்கு நான் பேசறேன். எடுத்ததும் என்னம்மா கேக்கணும்?"